ஆபத்துக் காலத்திற்கு ஏற்ற முதல் வானொலிப் பெட்டி

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வங்கக் கடலில் புயல் எழுந்தால், ஊரில் பெற்றோரை விட்டு விஜயநகரில் வந்து குடியேறிய நமக்கு உறக்கம் வருவதில்லை. அத்தகைய வேளையில் காவல் துறையும் தீயணைப்புப் படையும் பேசிக்கொள்வதை நேரே கேட்க ‘ஸ்கேனர்’ ஒன்று வாங்கலாமா என்று நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர். பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துழாவிச் சென்று, பேச்சு எழும் இடத்தில் தானே நிற்கும் வானொலிக் கருவியே ஸ்கேனர் ஆகும். அமெரிக்காவில் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர்.

நம் நாட்டு நிலை வேறு. உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதை 1933-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. வீட்டு வானொலிக்கும் அஞ்சலகத்தில் உரிமம் பெற்ற காலத்தை முதியோர் அறிவர். அவ்வுரிமம் 1980-களில் நீங்கிற்று. ஆயினும் பிறர் செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிப்போருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 2 கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இடமளிக்கின்றது. இணையக் கடையில் கிடைப்பதனாலேயே ஒரு கருவி அனுமதி பெற்றதாகிவிடாது.

சட்டம் ஒருபுறமிருக்க, பயனும் சிறிதே. காவல் துறையினர் கையாளும் மிக உயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. கடலூர்க் காவல் நிலையத்தின் பேச்சு மைசூரை எட்டாது. அருகில் பேசப்படுவதும் மறைகுறியிட்ட டிஜிட்டல் முறையாயின் வெறும் இரைச்சலே மிஞ்சும்.

எனில் நமக்கு வேண்டுவது யாது? மின்சாரமும் கைப்பேசியும் ஓய்ந்த பின்னரும் பேசும் பெட்டியே வேண்டும். இதன் அருமையை ரயில்வேயில் பணிபுரியும் எங்களைப் போன்றோர் நன்கறிவோம். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை நெருங்கிய பாம்பன் பயணி ரயிலைக் கடல் கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தகவல் தொடர்பு அறுந்துபோனமையால் அக்கொடுமை வெளியுலகிற்கு உடனே தெரியவில்லை.

ஆகவே முதற் பெட்டியைப் பின்வருமாறு தேர்ந்தெடுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண பாட்டரிச் செல்களால் அது இயங்க வேண்டும். உள்ளே பதித்த மின்கலம் மட்டுமே உள்ளதாயின், மின்சாரம் நின்ற சில நாட்களில் அதுவும் ஓய்ந்துவிடும். எஃப்.எம். மட்டுமன்றி மத்திய அலையும் சிற்றலையும் அதில் இருத்தல் அவசியம். எஃப்.எம். அண்மையிலுள்ள நிலையங்களையே தரும். மத்திய அலையோ இரவில் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். சென்னை வானொலியை 720, திருச்சி வானொலியை 936 கிலோஹெர்ட்ஸில் இரவு வேளையில் தேடிப் பாருங்கள். பெட்டியைச் சன்னலருகே வைத்து மெல்லத் திருப்புங்கள். உள்ளிருக்கும் ஏரியல் ஒரு திசையில் நன்கு வாங்கும். எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் இரைச்சல் தருமாதலின் அவற்றை விலக்கி வையுங்கள்.

கேட்பதோடு அமையாமல் உதவவும் விரும்புவோர்க்கு ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலி உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, திருமதி பாரதி பிரசாத்தும் அவர்தம் குழுவினரும் ஹாம் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேரிலேயே இருந்தனர். மற்றத் தொடர்புகள் அறுந்த வேளையில், அங்குள்ளோரின் நலச் செய்திகளை அவர்கள் உறவினர்க்குச் சேர்ப்பித்தனர். இதற்கான உரிமத்தைத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறிப் பெறலாம். 12 வயது நிறைந்தோர் எழுதலாம்.

நமது மைசூரும் இதற்குப் புதிதன்று. மகாராஜா கல்லூரி உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935-இல் தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் நிறுவினார். ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் அதனோடு விளங்கிற்று. அந்நிலையத்தின் வழிவந்த மைசூர் வானொலி, நம் விஜயநகரை அடுத்த யாதவகிரியில் உள்ளது.

பிறர் பேச்சை ஒட்டுக்கேட்கும் கருவிக்குப் பணம் செலவிட வேண்டா. புயற்காலம் தொடங்குமுன் நல்ல பெட்டி ஒன்றும், மாற்றுச் செல்கள் இரு தொகுதியும் வாங்கி வையுங்கள். ஊரிலுள்ள பெற்றோர்க்கும் அவ்வாறே ஒன்று அனுப்புங்கள். இங்கே நாம் கேட்பதைவிட, அங்கே அவர்கள் எச்சரிக்கையைக் காலத்தே கேட்பதன்றோ முதன்மை!