படகுத்துறை கட்ட யாரிடம் அனுமதி?

ஜோகுபாளையத்தில் இருந்து சிறிது தூரம் நடந்தால் அல்சூர் ஏரி. அது தேசிய நீர்வழி அல்ல. அங்கு படகுத்துறை கட்ட மத்திய நீர்வழி ஆணையத்தின் சான்று தேவையில்லை.

தமிழ்நாட்டின் பக்கிங்காம் கால்வாய் அப்படி அல்ல. 2008-ம் ஆண்டு அது 4-வது தேசிய நீர்வழியில் சேர்க்கப்பட்டது. 2016-ம் ஆண்டு சட்டப்படி நாட்டில் இத்தகைய நீர்வழிகள் மொத்தம் 111.

தடையில்லாச் சான்று

இவற்றில் படகுத்துறை அமைப்பதற்கு மத்திய அரசு 2025-ல் விதிகள் வகுத்தது. தனியாரும் துறை கட்டலாம். ஆனால் நொய்டாவில் உள்ள இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையத்திடம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். தற்காலிகத் துறைக்கு முதலில் 5 ஆண்டு. பிறகு நீட்டிப்பு உண்டு. ஏற்கெனவே உள்ள துறைகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

தூண்கள் சொல்லும் பாடம்

கண்ட இடத்தில் தூண் நட்டால் என்ன ஆகும்? சென்னையில் பார்க்கலாம். 1995-ல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் சென்ற வழி அது. நட்டது அரசுதான். படகுத்துறை விதி வந்ததோ 30 ஆண்டு கழித்து!

மரக்காணம் பக்கம் உங்கள் உறவினர் யாராவது கால்வாயில் துறை கட்ட நினைத்தால், கம்பம் நடும் முன்பே சான்று கேட்கச் சொல்லுங்கள்.