குளிர்காலத்திற்கு வீட்டு வெப்பக்காற்று உலையை ஆயத்தப்படுத்தல்

குளிர்காலத்திற்கு வெப்பக்காற்று உலையை ஆயத்தப்படுத்தல் என்பது, கோடை முழுவதும் எரியூட்டப்படாதிருந்த வீட்டு வெப்பமூட்டும் கருவியைக் குளிர் தொடங்குமுன் துப்புரவு செய்து, சோதித்து, பாதுகாப்பாக இயங்கும் நிலைக்குக் கொண்டுவரும் பராமரிப்புப் பணி ஆகும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பல வீடுகள் இயற்கை எரிவாயுவில் இயங்கும் இவ்வகை உலையால் சூடாக்கப்படுகின்றன. பேச்சு வழக்கில் இது ஃபர்னஸ் எனப்படும். இப்பணி பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செய்யப்படுகிறது. இதன் நோக்கம் எரிபொருட் சிக்கனம் மட்டுமன்று. எரிதலில் உண்டாகும் நச்சு வளிமம் வீட்டினுள் புகாமல் தடுப்பதே முதன்மை நோக்கமாகும்.

உலை இயங்கும் முறை

உலை வழக்கமாக வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் அமைந்திருக்கும். அறையின் வெப்பநிலை குறித்த அளவிற்குக் கீழ் இறங்கியதும், சுவரிலுள்ள வெப்பநிலைக் கட்டுப்படுத்தி (தெர்மோஸ்டாட்) உலையை இயக்குகிறது. முதலில் ஒரு சிறு விசிறி சுழன்று, எரிந்த வளிமங்கள் வெளியேற வேண்டிய வழியில் இழுவையை உண்டாக்கும். இழுவை போதுமானது என்பதை அழுத்த ஆளி உறுதிசெய்த பின்னரே எரிவாயு திறக்கப்பட்டுப் பற்றவைக்கப்படுகிறது. சுடர் பற்றவில்லை எனச் சுடர் உணரி காட்டினால், சில நொடிகளில் எரிவாயு அடைக்கப்படும்.

எரிந்த வளிமங்கள் வெப்பப் பரிமாற்றி எனப்படும் உலோகக் குழாய்களின் உட்புறமாகச் சென்று, புகைபோக்கிக் குழாய் வழியாக வெளியேறுகின்றன. வீட்டுக் காற்று அதே குழாய்களின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடாகி, ஊதுவிசிறியால் அறைகளுக்குத் தள்ளப்படுகிறது. இவ்விரு ஓட்டங்களும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இப்பிரிவு குலையாதிருப்பதிலேயே வீட்டாரின் பாதுகாப்பு தங்கியுள்ளது.

கார்பனோராக்சைடு ஆபத்து

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மெத்தேன் ஆகும். போதிய ஆக்சிசன் கிடைத்தால் அது எரிந்து கார்பன் டைஆக்சைடும் நீராவியும் உண்டாகும். காற்று போதாவிடின் எரிதல் முழுமையடையாமல் கார்பனோராக்சைடு (இலங்கை வழக்கு: காபனோரொட்சைட்டு) உருவாகும். புகைபோக்கிக் குழாய் அடைபட்டாலோ, வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு ஏற்பட்டாலோ இவ்வளிமம் வீட்டுக் காற்றில் கலக்கலாம்.

எரிவாயுக் கசிவை முகர்ந்து அறிவதற்காக அதனுடன் மணப்பொருள் சேர்க்கப்படுகிறது. கார்பனோராக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் இது ஆக்சிசனைவிட 200 மடங்கிற்கும் மேலான நாட்டத்துடன் பிணைவதால், உடலுக்கு ஆக்சிசன் கிடைப்பது தடைப்படுகிறது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவை சளிக்காய்ச்சலை ஒத்திருப்பதால் பலர் ஏமாறுவதுண்டு. ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் இவ்வறிகுறிகள் தோன்றுவதும், வெளியே சென்றதும் அவை குறைவதும் நச்சேற்றத்தைச் சுட்டும்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில், வீட்டுக் கணப்பின் புகைவழி அடைபட்டமையால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கார்பனோராக்சைடு நச்சேற்றத்தால் இறந்தனர். இந்நிகழ்வே பின்னர் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் மாகாணச் சட்டத்திற்கு வழிவகுத்தது.

வீட்டார் செய்யக்கூடிய பணிகள்

- வடிகட்டி (ஃபில்டர்): கோடையில் குளிரூட்டலுக்கும் அதே ஊதுவிசிறி பயன்படும் வீடுகளில் வடிகட்டி ஏற்கெனவே தூசியால் நிறைந்திருக்கும். புதியதைப் பொருத்தும்போது, அதன் விளிம்பிலுள்ள அம்புக்குறி காற்றோட்டத்தின் திசையில், அதாவது உலையை நோக்கி இருக்க வேண்டும். குளிர்காலத்தில் மாதமொருமுறை பார்த்து, அழுக்கடைந்திருந்தால் மாற்றுதல் நன்று. அடைபட்ட வடிகட்டி காற்றோட்டத்தைக் குறைத்து, வெப்பப் பரிமாற்றியை அளவுமீறிச் சூடாக்கும்.
- காற்றுப் புழைகள்: தரையிலும் சுவரிலும் உள்ள புழைகளைத் தளபாடம், கம்பளம் முதலியவை மறைக்கலாகாது.
- வெளிக்குழாய்கள்: புதிய உலைகளின் காற்று உள்வாங்கும் குழாயும் புகைபோக்கிக் குழாயும் பெரும்பாலும் பக்கச் சுவர் வழியே வெளியே நீண்டிருக்கும். அவற்றின் வாயிலுள்ள சருகு, பறவைக்கூடு ஆகியவற்றை அகற்ற வேண்டும். பனி பெய்தபின் வாய் மூடப்படவில்லை எனவும் பார்க்க வேண்டும்.
- வடிநீர்க் குழாய்: உயர்திறன் உலைகளில் நீராவி ஒடுங்கி நீராகும். அந்நீர் வடியும் குழாய் அடைபட்டால் உலை நின்றுவிடும்.
- ஈரப்பதமூட்டி: உலையுடன் இணைந்திருப்பின், நீர் வழியைத் திறந்து, அதன் ஈரத்தட்டை மாற்ற வேண்டும்.
- சோதனை ஓட்டம்: கடுங்குளிருக்கு முன்பே வெப்பநிலைக் கட்டுப்படுத்தியை உயர்த்தி உலையை இயக்கிப் பார்க்கலாம். தேங்கிய தூசி எரியும் நெடி முதலில் சிறிது நேரம் வருவது இயல்பு. அது நீடித்தால் உலையை நிறுத்த வேண்டும்.

தொழில்நுட்பர் செய்ய வேண்டியவை

எரிவாயு அழுத்தம், எரிமுனைகள், சுடர் உணரி, வெப்பப் பரிமாற்றி ஆகியவற்றை உரிமம் பெற்ற தொழில்நுட்பரே சோதிக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை இச்சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. நன்கு எரியும் சுடர் நீல நிறமாக இருக்கும். மஞ்சள் நிறச் சுடர் முழுமையற்ற எரிதலின் அறிகுறியாகலாம்.

சட்ட ஏற்பாடுகள்

ஒன்ராறியோவில் 2014 அக்டோபர் 15 முதல், எரிபொருளால் இயங்கும் கருவியுள்ள வீடுகளில் உறங்கும் இடங்களுக்கு அருகே கார்பனோராக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. 2026 சனவரி 1 முதல் இத்தகைய வீடுகளின் ஒவ்வொரு தளத்திலும் அது பொருத்தப்பட வேண்டும். கருவிக்கும் காலாவதி உண்டு. அதன் மேல் குறித்துள்ள ஆண்டைப் பார்த்து மாற்ற வேண்டும்.

இடர் நேரும்போது

எச்சரிக்கைக் கருவி ஒலித்தால், அனைவரும் உடனே வெளியேறி, வெளியிலிருந்து 911 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எரிவாயு நெடி வீசினால் மின் ஆளிகளையும் தொலைபேசியையும் உள்ளே இயக்காமல் வெளியேற வேண்டும்.

விசிறிகளுக்கு மின்சாரம் தேவை என்பதால், எரிவாயு இருந்தாலும் மின்தடையின்போது உலை இயங்காது. 2013 டிசம்பரில் ரொறன்ரோ வட்டாரத்தை உறைமழைப் புயல் தாக்கியபோது, மின்சாரமின்றி வீட்டினுள் கரி அடுப்பு எரித்தோர் பலர் நச்சேற்றத்திற்கு ஆளாயினர். கரி அடுப்பையும் மின்னாக்கியையும் எக்காரணம் கொண்டும் வீட்டினுள்ளோ ஊர்திக் கொட்டகையிலோ இயக்கலாகாது.