மூளைக்குள் குறிசுடும் வித்தை

போரில் தலையில் காயப்பட்ட தம்பிக்கு வெளிநாட்டில் ‘ஸ்டெம் செல்’ ஊசி போட்டால் மூளை புதிதாக வளருமாம், காணியை விற்றுக் கூட்டிப் போகலாமா என்று கிளிநொச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். காணியை விற்க வேண்டாம். வளர்ந்த மூளையில் புதுக் கலம் பிறந்ததா என்று ஆய்வுகூடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை அறிந்தால் காரணம் விளங்கும்.

1965இல் ஜோசப் ஆல்ட்மனும் கோபால் தாஸும் கதிரியக்கத் தைமிடினைக் கொண்டு, பிறந்த பின்னும் எலி மூளையின் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியில் நரம்புக்கலங்கள் உண்டாவதைக் காட்டினார்கள். நெடுங்காலம் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. தைமிடின் இட்ட அடையாளம் கலம் பிரியப் பிரியப் பாதி பாதியாகக் குறைந்துபோகும். தாய்க்கலம் எது என்றும் சொல்லாது.

இன்றைய முறை அடையாளத்தை டிஎன்ஏயின் எழுத்து வரிசையிலேயே வைக்கிறது. சுண்டெலியின் கலங்கள் எல்லாவற்றிலும் ஒளிரும் நிறத்துக்கான பரம்பரையலகு ஒன்றைச் சேர்த்து, அதன் முன்னால் ஒரு தடையையும் வைக்கிறார்கள். தடையை வெட்டியெடுப்பது கிரீ என்ற நொதியம். அது நெஸ்டின் என்ற பரம்பரையலகின் ஆளியால் இயங்குவதால், மூளையில் பெரும்பாலும் மூலக்கலங்கள் எனப்படும் ‘ஸ்டெம் செல்’களில்தான் உண்டாகும். ஈஸ்ட்ரஜன் வாங்கியின் திருத்திய துண்டு ஒன்றோடு பிணைத்திருப்பதால் கலக்கருவுக்குள் நுழைய முடியாமல் வெளியே காத்திருக்கும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் தமொக்சிபனை ஏற்றியதும் உள்ளே போய்த் தடையை வெட்டும், கலம் ஒளிரத் தொடங்கும்.

காட்டில் கலந்து மேயும் மாடுகளைக் குறி பார்த்துப் பிரிப்பது வன்னியில் பட்டி வைத்திருப்பவர்களுக்குப் பழக்கம். கலங்களின் பட்டியிலோ தாய்ப்பசுவுக்கு ஒருமுறை குறி சுட்டால் கன்றும், கன்றின் கன்றும் அதே குறியோடு பிறக்கும். தமொக்சிபன் ஏற்றும் நாளே குறிசுடும் நாள். மருந்தைக் குறைத்தால் ஒன்றிரண்டு பசுக்களுக்கு மட்டும் குறி விழும். ஒரே பசுவின் வம்சத்தைத் தனியே எண்ணலாம். நிறத்துக்குப் பதில் நஞ்சை உண்டாக்கும் பரம்பரையலகை வைத்தால், குறிபட்டவை மட்டும் மடியும். அவை இல்லாமல் பட்டி எதை இழக்கிறது என்று பார்க்கலாம்.

2018இல் சூரிச் பல்கலைக்கழகக் குழு ஒன்று குறிபட்ட கலங்களை உயிருள்ள சுண்டெலியின் மூளையிலேயே இரண்டு மாதம் வரை தொடர்ந்து பார்த்தது. விழித்தெழுந்த மூலக்கலங்கள் சில தடவை பிரிந்து, பின் தீர்ந்துபோயின. மூலக்கலம் என்றால் வற்றாத ஊற்று என்று விளம்பரங்கள் சொல்வதற்கு இது நேர்மாறு.

மனிதருக்கு இப்படிக் குறிசுட முடியாது. அதனால்தான் வளர்ந்த மனித மூளையில் புது நரம்புக்கலம் பிறக்கிறதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2018இல் ஒரு குழு வளர்ந்தோரின் ஹிப்போகம்பஸில் புது நரம்புக்கலங்களைக் காணவில்லை என்றது. அதே ஆண்டில் இன்னொரு குழு முதுமையிலும் அவை உண்டு என்றது. 2025இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் தனித்தனிக் கலக்கருக்களின் ஆர்என்ஏயை வாசித்து, பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடிக் கலங்களை வளர்ந்த சிலரிலும் கண்டார்கள். அதுவும் ஹிப்போகம்பஸில்தான், காயத்தால் அழிந்த இடம் அதனால் நிரம்பும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

ஆகவே ஊசி விற்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: நீங்கள் ஏற்றிய கலம் நரம்புக்கலமாகி மற்றக் கலங்களோடு இணைந்ததற்குச் சான்று எங்கே? நோயாளி ஒருவர் எழுந்து நடக்கும் காணொளி அதற்குச் சான்று ஆகாது. இயன்மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் எஞ்சியிருக்கும் கலங்களுக்கிடையே புது இணைப்புகள் உருவாக உதவுகின்றன. அதற்குப் பொறுமையும் வீட்டாரின் துணையும் வேண்டும். தம்பிக்குச் செலவிட இருக்கும் பணமும் நேரமும் முதலில் அங்கே போகட்டும்.