ஏரியைக் காக்கும் காடு

மாதுங்காவிலும் தாராவியிலும் குழாயைத் திறக்கும் நாம் காட்டை நினைப்பதில்லை. மும்பையின் குடிநீருக்கென 1860-இல் விகார் ஏரியும், 1879-இல் துளசி ஏரியும் அமைந்தன. அவற்றின் நீர்ப்பிடிப்பு நிலத்தைக் காத்தமையால் சூழ்ந்த காடும் பிழைத்தது. இன்று அது சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. நகரின் பெரும்பங்கு நீர் இப்பொழுது பாத்சா, வைதர்ணா முதலிய தொலைவிடங்களிலிருந்து வருகிறது என்பது மெய்யே; ஆயினும் காட்டின் தொழில் எங்கும் ஒன்றே.

காடு நீரைப் பெருக்குவதாக எண்ணவேண்டா, மரங்களும் நீரருந்துவனவே. சருகும் வேரும் பாய்ந்துவரும் மழையின் வேகத்தைத் தணித்து, மண் ஏரிக்குள் இறங்காமல் தடுக்கின்றன. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. புவி வெப்பமேறுந்தோறும் இத்தகைய பெருமழை மிகும் என்பர் வானிலை அறிஞர். சருகற்ற சரிவில் அது விழுமாயின் ஏரியைச் சேர்வது சேறே. பங்குனி, சித்திரையில் அங்கு உலாவச் செல்வோர் அடுப்பு மூட்டலாகாது என்பது இதனாலேயே.