மெஹபூபைப் பாடும் மட்டாஞ்சேரி

வடகிழக்கே ஷில்லாங் நகரத்தில் லூ மஜாவ் என்ற பாடகர் ஒருவர், அமெரிக்க ராக் பாடகரான பாப் டிலனிடம் கொண்ட அபிமானத்தினால், 1972-ஆம் ஆண்டு தொடங்கி வருஷந்தோறும் மே மாதம் 24-ஆம் தேதியன்று டிலனின் பிறந்தநாளைக் கச்சேரி வைத்துக் கொண்டாடி வருகிறார். கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு குரலுக்குத் தம் ஆயுளையே ஒப்புக்கொடுத்த அந்த ரசிகரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கேரளத்து மட்டாஞ்சேரியின் ஞாபகம் வருகிறது. அங்கே இத்தகைய பக்தியை ஒருவர் மட்டுமல்ல, ஒரு வட்டாரமே செலுத்தியிருக்கிறது. அதுவும் புகழைத் தேடி ஓடாத, தங்கள் தெருவிலேயே நடமாடிய ஒரு பாடகருக்கு.

கொச்சிக்குப் போகிற நம்மவர்கள் 1568-இல் எழும்பிய யூதர் ஜெபாலயத்தையும், போர்ச்சுகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனையையும் பார்த்துவிட்டு, பஜார் சாலையில் மிளகும் சுக்கும் கலந்த வாசனையை அனுபவித்தபடி படகேறிவிடுகிறார்கள். அந்தச் சாலைக்குப் பின்னாலுள்ள சந்துகளில் குஜராத்திகளும், கச்சு மேமன்களும், கொங்கணிகளும், தக்கினி உருது பேசும் முஸ்லிம்களும், தமிழ் பேசும் சலவைத் தொழிலாளரும், மலையாளிகளோடு மலையாளிகளாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். பம்பாய்க்கும் இந்தத் துறைமுகத்துக்கும் கப்பல் போக்குவரத்து ஓயாமல் இருந்த காலத்தில், சரக்கோடு சரக்காக ஹிந்துஸ்தானி இசைத்தட்டுக்களும் வந்து இறங்கின. கர்நாடக சங்கீதத்தின் ஆட்சி நிலவிய கேரளத்தில் தபலாவும் ஹார்மோனியமும் சாமானிய ஜனங்களின் வாத்தியங்களாக இப்பகுதியில் வேரூன்றியதன் காரணம் இதுதான்.

அத்தட்டுக்களின் வழியே வந்த சக்கரவர்த்தி குந்தன் லால் ஸைகல். ஹிந்தி ‘தேவதாஸ்’ படத்தின் நாயகர்; தமிழ்த் ‘தேவதாஸி’லும் பாடி நம் செவிகளையும் நனைத்தவர்; 1947 ஜனவரியில், நாற்பத்திரண்டே வயதில் மறைந்தவர். உரக்கப் பாடி அரங்கின் கடைசி வரிசையை எட்ட வேண்டிய அவசியத்தை மைக் போக்கிவிட்டதால், அருகில் அமர்ந்து அந்தரங்கமாகப் பேசுவதைப் போல அவர் பாடினார். பன்னிரண்டு ஸ்வரஸ்தான விவகாரங்கள் அறியாத ஒரு சுமைதூக்கியும் தன் துக்கத்தை அக்குரலில் அடையாளம் கண்டுகொண்டதற்கு அந்த அந்தரங்கமே காரணம் என்று நினைக்கிறேன். பிற்பாடு 1952-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தியபோது, நாம் தமிழ்ப் பாட்டுக்காகத் திருப்பிய அதே இலங்கை வானொலியை ஹிந்திப் பாட்டுக்காக மட்டாஞ்சேரிக்காரர்களும் திருப்பினார்கள். ஸைகலை அடுத்துத் தலத் மஹ்மூதும் முகமது ரஃபியும் தேநீர்க் கடைகளில் குடியேறினார்கள்.

இந்த ரசிகர் கூட்டத்திலிருந்து எழுந்தவர்தான் மெஹபூப். 1926-இல், ஃபோர்ட் கொச்சியின் பட்டாளம் பகுதியில், தக்கினி முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். ஸைகலையும் பங்கஜ் மல்லிக்கையும் பாடியே கல்யாண வீடுகளில் பெயரெடுத்தார். கே. வேம்பு இயக்கி, தட்சிணாமூர்த்தி இசையமைத்து, 1951-இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற ‘ஜீவித நௌகா’ அவரைத் திரைக்கு இழுத்துக்கொண்டது. 1954-இல் ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற ‘நீலக்குயி’லிலும், 1961-இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமாக வந்த ‘கண்டம் பெச்ச கோட்டி’லும் அவர் குரல் ஒலித்தது. ஒலிப்பதிவுக் கூடங்கள் சென்னையில் இருந்தன. ஏறக்குறைய அதே சந்துகளில் 1940-இல் பிறந்த யேசுதாஸ் சென்னைக்குச் சென்று உலகப் புகழ் எய்தினார். மெஹபூபோ போய்ப் பாடிவிட்டு, தம் சிநேகிதர்கள் இருக்குமிடத்துக்கே திரும்பினார். கிருகஸ்தாசிரமத்தை மேற்கொள்ளாமல், சொந்த வீடு என்ற நினைப்பும் இல்லாமல், நண்பர்களின் திண்ணையிலும் கூடத்திலும் காலங்கழித்து, 1981 ஏப்ரல் 22-ஆம் தேதி காலமானார்.

அவர் அருமை கச்சேரியில்தான் முழுதும் தெரியும் என்பது கேட்டவர்களின் ஏகோபித்த அபிப்பிராயம். பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்றே அதிகமான பாட்டுத்தான் அடங்கும். கல்யாணத்துக்கு முதல்நாள் இரவில் பந்தலுக்குள் ஜமக்காளம் விரித்து, தபலாக்காரர் சிறு சுத்தியலால் வாரைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்து முடித்த பிற்பாடு, ஹார்மோனியத்தின் துருத்தி இழுபடத் தொடங்கினால், அதே பாட்டு கால் மணி நேரத்துக்கு நீளும். ஒரே வரியைப் பாடகர் ஒருமுறை கெஞ்சுவதைப் போலவும், மறுமுறை கோபிப்பதைப் போலவும், பிறகு எல்லாம் முடிந்துபோனதைப் போலவும் திருப்புவார். எதிரே அமர்ந்திருப்பவர்கள் வாய்விட்டு ‘ஆஹா’ சொல்லி, அவ்வரியை மீண்டும் யாசிப்பார்கள். இப்படிப் பாடப்பட்டவற்றில், நாட்டு நடப்பையும் தெருவின் காதல்களையும் பற்றி உள்ளூர்க் கவிஞர்கள் புனைந்தவை ஏராளம். அவற்றில் பல தட்டில் ஏறவேயில்லை. கேட்டவர்கள் மனப்பாடம் செய்து, அடுத்த கல்யாணத்தில் தாங்களே பாடியதனால் மாத்திரமே அவை இன்று இருக்கின்றன. பாடகரின் படத்தை மாட்டி மாலை சூட்டுவதைக் காட்டிலும் இந்த மனப்பாடம் எத்தனையோ மடங்கு உயர்ந்த ஆராதனை என்பது என் துணிபு.

அந்த ரசிகர்களுள் தலையாயவர் உம்பாயி. மட்டாஞ்சேரியில் பிறந்த அவருடைய இயற்பெயர் பி.ஏ. இப்ராஹிம்; ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்த ஜான் ஆபிரகாமே அவருக்கு உம்பாயி என்ற பெயரைச் சூட்டினார். சிறுவயதில் தபலாவின் மேல் பித்துக்கொண்டார். தகப்பனாருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டின் கோபத்தைச் சகித்துக்கொண்டு மெஹபூபைச் சுற்றி வந்தவருக்கு, அவர் பாட்டுக்குத் தபலா வாசிக்கும் பாக்கியமும் கிட்டியது. பக்கவாத்தியக்காரனாக உட்காருகிறவனைவிட ஒரு பாடகரின் குரலை அணுக்கமாக அறிகிறவன் வேறு யார்? மூச்சு எங்கே முறிகிறது, எந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்குகிறது, தாளத்தை எங்கே வேண்டுமென்றே கடந்து போகிறது என்பதையெல்லாம் அவன் விரல்கள் முன்கூட்டியே அறிந்தாக வேண்டும். அந்தச் சிட்சையோடு பம்பாய்க்குச் சென்ற உம்பாயி, ஹிந்துஸ்தானிப் பாடகர் படே குலாம் அலி கானின் புதல்வரான முனவ்வர் அலி கானிடம் மாணாக்கராக அமர்ந்தார். ஊர் திரும்பிப் பிழைப்புக்காகப் பல தொழில்கள் செய்தார். எர்ணாகுளத்து ஓட்டலில் சாப்பிட வந்தவர்களுக்கு நடுவே இரவுதோறும் கஸல் பாடினார். உருதுக்கே உரியதென்று கருதப்பட்ட அவ்வடிவத்தை மலையாளச் சொற்களில் நிலைநாட்டி, மலையாள கஸலின் முகமாகவே அவர் விளங்கியது அதற்குப் பிற்பாடுதான். மகாகவி ஓ.என்.வி. குறுப்பு, ஸைகலையே விளித்துப் பாடும்படி வேண்டுகிற ‘பாடுக ஸைகல் பாடூ’ என்ற கீதத்தை எழுத, அதை உம்பாயி பாடினார். ஸைகலின் ரசிகரான மெஹபூபும், மெஹபூபின் ரசிகரான உம்பாயியும், தாங்கள் ஆராதித்தவரின் நகலாக ஒருபோதும் நிற்கவில்லை என்பதை அவர்களைக் கேட்ட எவரும் அறிவர்.

  

உம்பாயி 2018 ஆகஸ்டு 1-ஆம் தேதி மறைந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, ராஜீவ் ரவி இயக்கிய ‘அன்னயும் ரஸூலும்’ படத்தில் மெஹபூபின் பழைய பாட்டு ஷஹபாஸ் அமனின் குரலில் மறுபடியும் வந்து, மெஹபூப் மறைந்தபோது பிறந்திராத பிள்ளைகளின் வாயில் ஏறிக்கொண்டது. முகமது ரஃபி மறைந்த ஜூலை 31-ஆம் தேதியையொட்டிக் கொச்சியில் கூடும் அஞ்சலிக் கச்சேரிகளில் ஒன்றுக்கேனும் தமிழ் வாசகர்கள் போக வேண்டும். மேடையைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு பாடகருக்கு ஒரு சொல் முன்னதாகவே உதட்டை அசைத்துக்கொண்டிருக்கும் முதியவர்களையும் அவர்கள் கவனிக்கட்டும்; கச்சேரி முடிந்ததும் அவர்களிடம் மெஹபூப் பாயியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால், பதிலைப் பாடியே சொல்லிவிடுவார்கள்.