முனை வருவதற்கு முன்னே!

திருவரங்குளத்தில் அரங்குளநாதரைத் தரிசித்துவிட்டு ஆலங்குடி ரோட்டில் ஸ்கூட்டரில் போகிற ஒருவரை நிறுத்தி, "ஐயா, தாங்கள் எந்தத் தடத்தில் போகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "தடமாவது, மண்ணாவது! போகிறவனுக்கு ஒரு பாதி, வருகிறவனுக்கு ஒரு பாதி. வேறென்ன இருக்கிறது?" என்று சிரிப்பார். அவர் சொல்வதும் நியாயந்தான். பக்கத்திலுள்ள வம்பன் நால்ரோட்டில் திரும்புவதற்குக்கூட அதற்கு மேல் சாஸ்திரம் தேவையில்லை.

ஆனால் அவருடைய பெண்ணுக்குத் திருச்சியிலோ சென்னையிலோ உத்தியோகம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரும் அவளோடு போகிறது. அங்கே ஒரே திசையில் இரண்டு மூன்று வரிசையாக வண்டிகள் பறக்கின்றன. நடு வரிசையில் போகிற பெண், திரும்ப வேண்டிய தெரு கண்ணில் பட்டதும் சட்டென்று கைப்பிடியை ஒடிக்கிறாள். பின்னால் வருவது லாரி! அப்புறம் நடக்கக்கூடியதை நான் சொல்ல வேண்டாம்.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் சாலை விபத்துகளில் 17,884 பேர் மாண்டார்கள். இந்தியா முழுவதும் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். ஆகவே இது நம் வீட்டுச் சமாசாரம்.

கோடு பேசும் பாஷை

தடம் என்பது வேறொன்றுமில்லை. வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு வரிசை வண்டிகள் போவதற்கென்று ஒதுக்கிய பாதை. பெரிய சாலைகளில் சுமார் மூன்றரை மீட்டர் அகலம் இருக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் 1911ஆம் ஆண்டிலேயே சாலை நடுவில் கோடு போட்டார்கள். எட்வர்ட் ஹைன்ஸ் என்ற அதிகாரி, ஒழுகிக்கொண்டே போன பால் வண்டி தரையில் விட்டுச் சென்ற வெள்ளைக் கோட்டைப் பார்த்து இந்த யோசனையைப் பெற்றார் என்று ஒரு கதையும் உண்டு.

விட்டு விட்டுப் போட்ட கோடு, "பார்த்து மாறிக்கொள்" என்கிறது. சந்தியை நெருங்கும்போது அதே கோடு விடாமல் நீளமாக ஓடும். "மாறுவதற்கு நேரம் கடந்துவிட்டது, இருக்கிற இடத்திலேயே இரு" என்று அதற்குப் பொருள். தரையில் அம்புக்குறி இருந்தால் அந்தத் தடம் எந்தப் பக்கம் போகும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

இதிலிருந்து தெரிவது என்ன? திரும்புகிற காரியம் முனையில் ஆரம்பமாவதில்லை. முனைக்கு வெகு முன்பே ஆரம்பமாகிவிடுகிறது. தேரோட்டம் பார்த்த நமக்கு இது புதிதல்லவே! வீதி முனைக்கு வந்து நின்ற பிறகா முட்டுக்கட்டையைத் தேடுகிறார்கள்?

இடமா, வலமா?

இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் முன்கூட்டியே இடது ஓரத் தடத்துக்கு வந்துவிடுங்கள். திரும்பிய பிறகும் இடது ஓரத்திலேயே செல்லுங்கள்.

வலது பக்கம் திரும்புவதானால் சாலையின் நடுவை ஒட்டிய தடத்துக்கு வாருங்கள். சந்தியின் மையத்தை உங்கள் வலது கைப்பக்கம் விட்டுக் கடந்து, புதிய சாலையின் இடது பாதியில் நுழையுங்கள். மையத்துக்கு முன்பே குறுக்கே வெட்டினால், எதிரே வருகிறவரின் மடியில் போய் விழ வேண்டியதுதான். 1989ஆம் வருஷத்துச் சாலை விதிகள் இதைத்தான் சொல்லின. 2017இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தபோதும் அடிப்படை மாறவில்லை.

வலது பக்கம் திரும்ப இரண்டு தடங்கள் இருந்தால்? உள் தடத்தில் புறப்பட்டவர் உள் தடத்திலும், வெளித் தடத்தில் புறப்பட்டவர் வெளித் தடத்திலும் போய்ச் சேர வேண்டும். வளைவின் நடுவில் இடம் மாறக் கூடாது. திரும்பியதும் அடுத்தாற்போல் இடது பக்கம் போக வேண்டியிருந்தால், முதலிலேயே வெளித் தடத்தைப் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

எந்தத் தடத்துக்கு மாறினாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் கண்ணாடி, பிறகு விளக்கு, பிறகு தோளுக்கு மேல் ஒரு பார்வை, கடைசியில்தான் கைப்பிடி.

பஸ்ஸின் பின்சக்கரம்

மாட்டு வண்டிக்கு ஒரே அச்சு. பஸ்ஸுக்கோ முன்னச்சு வேறு, பின்னச்சு வேறு. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியே போவதில்லை. முனையை ஒட்டி உள்ளே நறுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் இடது பக்கம் திரும்பும் நீண்ட வண்டி முதலில் சற்று வலது பக்கம் ஒதுங்கும். இடது ஓரத்தில் உண்டாகும் அந்த இடைவெளி உங்களை அழைப்பது போலத் தோன்றும். தயவுசெய்து அதில் நுழையாதீர்கள்! சில நொடிகளில் அது மறைந்துவிடும். பஸ்ஸுக்குப் பின்னால் காத்திருப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

இடம் போனால் வலம்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். சென்னை கத்திப்பாராவில் 2008இல் திறந்த மேம்பாலம், இலைகள் விரித்தாற்போன்ற அமைப்புடையது. இத்தகைய பாலத்தில் வலது பக்கம் போக விரும்புகிறவர் பாலத்தைத் தாண்டி, இடது பக்கமாகவே வளைந்து சுற்றி, எதிரே வரும் வண்டிகளின் குறுக்கே போகாமல் வலது சாலைக்குப் போய்ச் சேர்கிறார். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்தின் சில சந்திகளில், டிராம் வண்டிகளுக்கு வழிவிடுவதற்காக, வலது பக்கம் திரும்புகிற கார்கள் இடது ஓரத்தில் போய்க் காத்திருக்கின்றன. ஆகையால் பழக்கத்தை நம்பாதீர்கள். பலகையையும் அம்புக்குறியையும் நம்புங்கள்.

இத்தனை இருந்தும் தவறான தடத்தில் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். அந்தத் தடம் எங்கே அழைத்துப் போகிறதோ அங்கே போங்கள். அனுமதித்த இடத்தில் திரும்பி வாருங்கள். செலவாவது பத்து நிமிஷமும் கொஞ்சம் பெட்ரோலுந்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ முதன் முதலாகப் பெரிய ஊருக்கு வண்டியோடு கிளம்பும்போது, "ஜாக்கிரதையாகப் போ" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "திருப்பம் தவறிப் போனால் பரவாயில்லை, நேரே போய்ச் சுற்றிக்கொண்டு வா, எத்தனை தாமதமானாலும் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வார்த்தை அவசரத்தைப் பாதி குறைத்துவிடும்.