கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

கடற்கரை நகரில் வாழ்வோர்க்குக் கடலின் ஒரு துளியை இல்லத்திலும் வைத்துக் காண வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே கடல்மீன் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. ஆதலால் இவ்வார்வம் தமிழர்க்குப் புதிதன்று. பிழைப்பின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மவர் பலர், விழிஞத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அமைத்த 'சாகரிகா' காட்சிசாலையைக் கண்டபின், தாமும் ஓர் உப்புநீர்த் தொட்டி வாங்கி வைக்க விரும்புகின்றனர்.

ஆயின், வாங்கிய அன்றே நீர் நிரப்பி மீனையும் விட்டுவிட்டால், சில நாட்களில் அது மடிந்து மிதக்கக் காண்கிறோம். நீரோ பளிங்குபோல் தெளிந்திருக்கிறது, உணவுக்கும் குறைவில்லை. பின் அவ்வுயிரைக் கொன்றது யாது?

கண்ணுக்குப் புலப்படாத அம்மோனியா என்னும் நஞ்சே அது. மீனின் கழிவும், அது உண்ணாமல் விட்ட உணவும் அழுகும்போது இந்நஞ்சு பிறக்கிறது. கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது. காரம் மிகுந்த நீரில் அம்மோனியாவின் கொடுமையும் மிகும். பரந்த கடலில் அது கரைந்து மறைகிறது; நூறு லிட்டர் தொட்டியிலோ அது போக வழியில்லை.

இதற்கு இயற்கையே மாற்று வைத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. இது தீங்கு குறைந்தது. இந்நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக, நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும்.

பால் தயிராவதை இங்கு நினைவு கூரலாம். உறைமோர் விட்டபின் பாத்திரத்தை அசைக்காது காத்திருக்கிறோம் அல்லவா? அதுபோலவே, நலமாக உள்ள பழைய தொட்டியொன்றின் மணலில் ஒரு கைப்பிடி கிடைத்தால், அது புதிய தொட்டிக்கு உறைமோராக உதவும். சிறு இறால் துண்டு ஒன்றை நீரிலிட்டு அழுகவிடின், நுண்ணுயிர்களுக்கு வேண்டிய அம்மோனியா அதினின்று கிடைக்கும். மீன்கடைகளில் விற்கும் சோதனை மருந்தினால் நீரை அடிக்கடி ஆராய்தல் வேண்டும். அம்மோனியா, பின்னர் நைட்ரைட்டு என இரண்டும் முறையே உயர்ந்து, முடிவில் இரண்டுமே இல்லாமற் போன பிறகே முதல் மீனை விடலாம்.

இனி, உப்பைப் பற்றி அறிவோம். கடல்நீர் ஒரு கிலோவில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அது சமையலுப்பு மட்டும் அன்று. மக்னீசியம், கால்சியம் முதலிய பலவும் அதில் அடங்கும். எனவே, அடுக்களை உப்பைக் கரைப்பதனால் கடல்நீர் ஆகிவிடாது. இதற்கெனவே விற்கும் கடலுப்புக் கலவை வேண்டும். கடலிலிருந்தே நீர் கொணர்வோர், கரமனையாறு போன்ற ஆறுகள் கலக்கும் முகத்துவாரங்களைத் தவிர்க்க. மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் அந்நீரை நீர்த்துப் போகச் செய்யும்.

தூத்துக்குடி உப்பளத்தைக் கண்டோர்க்கு மற்றொரு செய்தி எளிதில் விளங்கும். வெயிலில் நீரே ஆவியாகிறது. உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. நூறு லிட்டரில் ஐந்து லிட்டர் வற்றினால், 35 என்ற உப்பின் அளவு ஏறத்தாழ 37 ஆகிவிடும். ஆதலால், வற்றிய அளவுக்கு நன்னீரையே ஊற்றவேண்டும், உப்புநீரை ஊற்றலாகாது. குழாய்நீரில் கலந்த குளோரின் நுண்ணுயிர்களை அழிக்கும். அதனை நீக்கிய பின்னரே அந்நீரைப் பயன்படுத்துக. எஞ்சும் நைட்ரேட்டைக் குறைக்க, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்து, அதே அளவு புதிய உப்புநீர் சேர்த்தல் நன்று.

மீன்களைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். விழிஞத்திலும் மண்டபத்திலும் உள்ள ஆராய்ச்சி மையங்களில், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சுகளை வளர்த்துக் காட்டியுள்ளனர். அவ்வாறு வளர்ந்த மீனைக் கேட்டு வாங்குவோமாயின், பவளப்பாறைகளினின்று பிடித்து வருதல் குறையும். பாறை அமைக்கும் பவளங்களும் கடற்குதிரையும் 2001-ஆம் ஆண்டு முதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுத்து வருதல் குற்றமாகும்.

இறுதியாக, வெளியூரில் வாழும் நமக்கே உரிய ஒரு கவலை உண்டு. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் புறப்படும்போது தொட்டியை யாரிடம் ஒப்படைப்பது? நலமுள்ள வளர்ந்த மீன் இரண்டொரு நாள் உணவின்றி இருக்கும். நாள் நீளுமாயின், தொட்டியில் நீர்மட்டத்தைக் கோடிட்டுக் காட்டி, அக்கோடு வரை நன்னீர் ஊற்றுமாறு அண்டை வீட்டாரிடம் சொல்லிச் செல்க. நாளுக்கொரு பொட்டலமாக உணவை அளந்தும் வைத்திடுக. இரக்கத்தால் மிகுதியாக இடும் உணவே அழுகி அம்மோனியாவாகும். மின்சாரம் தடைப்படினும் காற்றுச் செலுத்தும் மின்கலக் கருவி ஒன்று இருத்தல் நலம்.

ஆறு வாரம் வெறுந்தொட்டியைப் பார்த்திருப்பது பொறுமைக்குச் சோதனையே. எனினும், அக்காத்திருப்பில்தான் பின்னர் வரும் உயிர்களின் வாழ்வு அடங்கியுள்ளது.